கரடி மணி

நான் மணியைக் கழற்று என்று சொல்லவே இல்லை. கோயில் மாடு மாதிரி கிணிகிணியென்று எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்டேன், அவ்வளவுதான். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஒருத்தி பையிலிருந்து மணியை அவிழ்த்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனால் அதற்கு நானா பொறுப்பு? இதோ இருக்கிறது, என் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில், சிவப்புக் கயிறோடு, கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக. கரடி மணி. இந்த ஊரில் மலையேறுகிறவர்கள் எல்லாரும் இதைக் கட்டிக்கொள்ள வேண்டுமாம். சத்தம் கேட்டால் கரடி ஒதுங்கிப் போய்விடுமாம். நேற்றுச் சாயங்காலம் பேருந்திலிருந்து இறங்கி வந்ததுமே சத்திரத்து அம்மாள் கியோமி இரண்டு கையாலும் ஏந்திப் பிரசாதம் மாதிரி கொடுத்தார், எனக்கு ஒன்று, என் மனைவி தங்கபுஷ்பத்துக்கு ஒன்று. என்னுடையதை நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவள் தன்னுடையதை உடனே பையில் கட்டிக்கொண்டாள். புது இடத்தில் யார் எதைக் கொடுத்தாலும் கட்டிக்கொள்வாள். ராத்திரி அவள் பையை நகர்த்தினபோதெல்லாம் கிணி. காலையில் கிணி. பல் தேய்க்கப் போனால் கிணி. மனுஷன் எரிச்சல்படாமல் என்ன செய்வான்? அதுவும் இந்த ஊரில், ஈ பறந்தால் கேட்கிற இந்த ஊரில். எங்கள் தெருவில் ஒரு நாள் இந்த மணியை அடித்துப் பார்க்கட்டும், மீன்காரர் ஹாரனுக்கும் ஜெபக்கூட மைக்குக்கும் நடுவில் இது எந்த மூலைக்கு? இங்கே அமைதி அப்படி. காதுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்கிறது எனக்கு. இதற்காகவா ஜப்பான் வந்து, ஒசாகாவில் மகள் வீட்டிலிருந்து ரயில், இன்னொரு ரயில், பிறகு வளைந்து வளைந்து வயிற்றைக் கலக்குகிற ஒரு பேருந்து? எல்லாம் செல்வியின் ஏற்பாடு. மகள் என்றால் மகள். அம்மாவுக்கு நடை பிடிக்கும், அப்பாவுக்குக் கோயில் பிடிக்கும், அமைதியான மலைக்கிராமம், ரெண்டு பேரும் மட்டும் போய்ட்டு வாங்க என்று போனில் ஏதோ அழுத்திச் சத்திரத்தில் இடம் போட்டுவிட்டாள். எனக்குக் கோயில் பிடிக்கும் என்று யார் சொன்னார்கள் அவளுக்கு? கோயிலுக்குப் போகிறவள் அவள் அம்மா. நான் வெளியே நின்று சைக்கிளைப் பார்த்துக்கொள்கிறவன். நடக்கிறவன் நான். நடந்தவன். தூத்துக்குடியில் கேட்டால் தெரியும், பி.டி. மாஸ்டர் சுயம்புலிங்கம் என்றால் இப்போதும் தாசில்தாராக இருக்கிறவன்கூட பெஞ்சைவிட்டு எழுந்து நிற்பான். என் விசிலுக்கு ஒரு மைதானமே நேராகும். முழங்கால்தான் கவிழ்த்துவிட்டது. அதனால் நான் கீழே, மண்ணெண்ணெய் அடுப்புக்குப் பக்கத்தில், கால் நுனிக்குமட்டும் எட்டுகிற ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வாழ்நாளில் பள்ளிக்கூட மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றாதவள் மலைக்கோயிலுக்குப் போயிருக்கிறாள்.

அந்தக் கோயிலும் என்ன கோயில். நேற்றே அடிவாரம்வரை போய்ப் பார்த்தேன். இரண்டு மரத்தூண், மேலே குறுக்கே இரண்டு கட்டை, அதுதான் வாசல். கதவு கிடையாது, மதில் கிடையாது, காவலுக்கு ஆள் கிடையாது. அதைத் தாண்டினால் கல்படி, பாசி பிடித்து, தேவதாரு மரங்களுக்கு நடுவில் இருட்டுக்குள் ஏறிக்கொண்டே போகிறது. உச்சியில் ஒரு சின்ன மரவீடு, அதற்குள் சாமி. சாமிக்கு உருவம் இல்லையாம், பார்க்கவும் முடியாதாம். இரண்டு தரம் குனிய வேண்டும், இரண்டு தரம் கை தட்ட வேண்டும், மறுபடி குனிய வேண்டும். சாமியைக் கைதட்டிக் கூப்பிடுகிறார்கள், ஓட்டலில் சர்வரைக் கூப்பிடுகிற மாதிரி. செருப்பைக்கூடக் கழற்ற வேண்டாம் என்று செல்வி படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாள். வீட்டுக்குள் நுழைந்தால் செருப்பைக் கழற்று, கூடத்துக்கு ஒரு செருப்பு, கழிவறைக்கு ஒரு செருப்பு, பாய்மேல் எந்தச் செருப்பும் கூடாது, ஆனால் கோயிலுக்கு மட்டும் செருப்போடு போகலாம். தலைகீழ். எல்லாமே தலைகீழாக இருக்கிற ஊருக்கு வந்தால் எதையும் தலைகீழாக்கத் தோன்றுமோ என்னவோ, நேற்று ராத்திரி புஷ்பம் அதைச் சொல்லிவிட்டாள்.

அதை நினைக்க வேண்டாம் என்றுதான் மணியை நினைத்துக்கொண்டிருந்தேன். பாய்மேல் மெத்தையை விரித்துப் போட்டிருந்தார்கள், இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கிற இடம் விட்டு. விளக்கை அணைக்கப் போகிறேன், இவள் கூரையைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள்: “ஊருக்குப் போன பொறவு நீங்க தூத்துக்குடியில இருங்க. நான் உடன்குடியில இருக்கேன்.” உடன்குடியில் இவள் அம்மா வீடு இருக்கிறது, குடியிருந்தவர்கள் காலிசெய்துவிட்டுப் போய்ப் பூட்டிக் கிடக்கிறது. எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். வெள்ளையடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். “நாளு கணக்கு இல்ல. அங்கயே இருக்கேன்.” எனக்குக் கோபம் வரவில்லை, முதலில் சிரிப்புதான் வந்தது. நான் என்ன அடித்தேனா, குடித்தேனா, எவள் பின்னாலாவது போனேனா? அதைத்தான் கேட்டேன். “அதெல்லாம் ஒண்ணும் இல்ல. உங்கமேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. தனியா இருக்கணும்னு தோணுது.” குறை இல்லையாம்! குறை இருந்தால் சரிசெய்யலாம். குறையே இல்லாமல் ஒருத்தி போகிறேன் என்றால் எதைப் போட்டு அடைப்பது? அப்புறம் சொன்னாள், நாளைக்கு மேலே போய்ச் சாமியிடம் பூ வைத்துக் கேட்கிறேன் என்று. “செவப்பு வந்தா உங்ககூட வாரேன். வெள்ள வந்தா உடன்குடி.” விளக்கை அணைத்தேன். வேறு என்ன செய்திருக்க வேண்டும்? ராத்திரி நேரத்தில், பேப்பர் ஒட்டின சுவருக்கு அந்தப் பக்கம் மனிதர்கள் தூங்குகிறார்கள், அங்கே வைத்து நான் கத்தவா? காலையில் பார்க்கிறேன், நிஜமாகவே சத்திரத்துத் தோட்டத்தில் குனிந்து பேர் தெரியாத ஒரு செடியில் சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று பறிக்கிறாள். கியோமியிடம் சைகை காட்டி அனுமதி வேறு வாங்குகிறாள். இனிப்பு சுற்றி வந்த தாளை இரண்டாகக் கிழித்து, ஒரே அளவில் இரண்டு பொட்டலம். நம் ஊரில் கல்யாணத்துக்கு, வீடு வாங்க, ஆபரேஷனுக்குப் பூக்கட்டிப் பார்ப்பார்கள். இத்தனை வருஷம் சோறு போட்டவனை, அவள் கையால் சாப்பிட்டவனை, மிட்டாய்த் தாளில் மடித்து ஒரு ஜப்பான் சாமிமுன் போட்டுக் குலுக்கப் போகிறாள். அந்தச் சாமிக்கு என்னைத் தெரியுமா? உடன்குடி எந்தப் பக்கம் என்று தெரியுமா? கடுப்பில்தான் மணியைப் பற்றிச் சொன்னேன். மணியைப் பற்றியாவது ஏதாவது சொல்ல வேண்டுமே. அவள் அவிழ்த்தாள். வைத்தாள். “வாரேன்” என்றாள். நான் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஊர் ஒலிபெருக்கி பாடுகிறது. கம்பத்தில் கட்டின ஒலிபெருக்கி இருக்கிறது இங்கே, முதலில் ஒரு பாட்டு வரும், பள்ளிக்கூட மணி மாதிரி, பிறகு ஒரு பெண் நிதானமாக என்னவோ சொல்வாள். நேற்றுச் சாயங்காலம் சொன்னதும் அப்படித்தான், குழந்தைகள் வீட்டுக்குப் போகிற நேரமாம். இப்போது ஏன் காலையிலேயே? என்னவாவது இருந்துவிட்டுப் போகட்டும். இவள் சீக்கிரம் வந்தால் மத்தியானப் பேருந்தைப் பிடிக்கலாம். வந்து என்ன சொல்வாள்? சிவப்பு என்றால் பெரிய மனது பண்ணி வருகிற மாதிரி வருவாள். வெள்ளை என்றால்? காலைக் காப்பி? சரி, காப்பி நானே போடுவேன். நான் என்ன சின்னப் பிள்ளையா? மாத்திரை டப்பாவில் கிழமை எழுதியிருக்கிறது. துணிக்கு மிஷின் இருக்கிறது. ராத்திரி கதவைப் பூட்டிவிட்டு மறுபடி ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள், அதை நான் இழுத்துக்கொள்கிறேன். இழுத்துப் பார்த்துவிட்டு யாரிடம் பூட்டிவிட்டேன் என்று சொல்வது? எதற்குச் சொல்ல வேண்டும்? அவள் சொல்லும்போது நான் என்றைக்காவது ம் போட்டேனா?

கதவைத் தள்ளுகிற சத்தம். கியோமி அம்மாள், பின்னால் தீயணைப்புப் படைச் சட்டை போட்ட ஒருவர், ஊர்க்காரர்தான், நேற்று இவரைக் கோஸ் ஏற்றிய சின்ன லாரியில் பார்த்தேன். வெளியூர்க்காரன்முன் ஓடி வரக் கூடாது என்று ஓட்டத்தை அடக்கிக்கொண்டு வருகிற மாதிரி வருகிறார்கள். அவர் கையில் ஒரு துணி, துணிமேல் ஒரு ஷூ. ஒற்றை ஷூ. கியோமி தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டுகிறார். அது தமிழில் பேசுகிறது, மேடைப் பேச்சாளர் மாதிரி. “மதிப்பிற்குரியவரே, இந்தக் காலணி தங்கள் துணைவியாருடையதா?”

நான் ஷூவைப் பார்க்கிறேன். சாம்பல் நிறம். ஊதாக் கயிறு. ஓரத்தில் சேறு. பெண்கள் போடுகிற அளவு. இவளுடையதா? செல்வி போன வாரம் வாங்கிக்கொடுத்தாள், நானும் கடையில்தான் இருந்தேன், ஆனால் நான் இருந்தது மசாஜ் நாற்காலியில். அதற்கப்புறம் தினமும் இதைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில்தான் நடந்தாள். பக்கத்தில் இல்லை, பின்னால். நான் எப்போதும் முன்னால் நடக்கிறவன், அது பழக்கம், அணிவகுப்புக்கு முன்னால் நடந்து நடந்து வந்த பழக்கம். பின்னால் வருகிறவளின் கால் எப்படித் தெரியும்? கறுப்பா? கறுப்பு என்றுதான் ஞாபகம். இல்லை, கறுப்பு என்னுடையது. ரயிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள், எதிரில்தான் நான். கால் இருக்கிறது, கொலுசுத் தழும்பு இருக்கிறது, ஷூ இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை எனக்கு. “தெரியாது” என்றேன். போன் அதை ஜப்பான் மொழியில் சொன்னது. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொண்டாட்டி ஷூ தெரியாதா என்று அவர்கள் மொழியில் எப்படி நினைப்பார்களோ அப்படி நினைத்திருப்பார்கள். உலகத்தில் எத்தனை புருஷனுக்குத் தெரியும்? எழுந்து நின்று சொல்லச் சொல்லுங்கள்.

தீயணைப்புக்காரர் பேசுகிறார், போன் சொல்கிறது: “இன்று அதிகாலையில் கோயில் பாதையின் அருகே குட்டியுடன் கூடிய பெண் கரடி காணப்பட்டது. இக்காலணி வாயிலின் அருகே தனியாகக் கிடந்தது. மற்றொரு காலணி காணப்படவில்லை.” பிறகு கியோமியின் கண் மேசைமேல் இருந்த மணிமேல் விழுந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் கழற்றச் சொல்லவே இல்லை என்று அந்தப் போனிடம் சொன்னால் அது ஜப்பான் மொழியில் சொல்லும், கூடத்தில் நின்று இவர்களுக்கு நான் அதை விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குள் அடுத்த கேள்வி வந்தது. “தங்கள் துணைவியார் எந்நிற ஆடை அணிந்திருந்தார்?” நீலம், என்றேன். நீலச் சேலை. ஏன் நீலம் என்று எனக்கே தெரியாது. கேட்டதும் ஏதாவது சொல்ல வேண்டும், அதுவும் சட்டென்று சொல்ல வேண்டும், பிள்ளைகள் முன்னால் தயங்காத வாய் இது. அவர் வாக்கி டாக்கியில் அதை அப்படியே சொல்கிறார், நீலம், நீலம் என்று மலை முழுக்கப் போயிருக்கும். நீலச் சேலை கட்டின ஒருத்தியைத் தேடுவார்கள். அவள் வேறு எதையாவது உடுத்தியிருந்தால் பக்கத்தில் நின்றாலும் தாண்டிப் போய்விடுவார்களே. காலையில் என்ன உடுத்தியிருந்தாள்? பூப் பறிக்கக் குனிந்தாள், குனிந்த முதுகு இருக்கிறது, முதுகில் நிறம் இல்லை. வாரேன் என்றாள், குரல் இருக்கிறது. கதவைத் தள்ளினாள். பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மணியைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை.

நீங்கள் இங்கேயே இருங்கள் என்று போன் சொன்னது. இருக்க வேண்டுமாம்! என் ஷூவை மாட்டினேன், மேசைமேல் இருந்த மணியை எடுத்துக்கொண்டேன், என் பையில் இருந்ததையும் வெளியே எடுத்தேன். இரண்டு கையில் இரண்டு மணி. தெருவில் இறங்கி நடக்கிறேன், கிணிகிணியென்று, கியோமி என் முழங்கையைப் பிடித்தும் பிடிக்காமலும் கூடவே வருகிறார். ஒற்றை ஷூ. ஒற்றை ஷூ எப்படிக் கழலும்? ஓடினால் கழலும். இழுத்தால் கழலும். இழுக்கிறது என்றால் எது இழுக்கிறது? சும்மா இரு. கரடி ஷூவையா தின்னும்? கயிறு கட்டின ஷூ, அவ்வளவு லேசில் கழலாதே. கயிறு கட்டியிருந்ததா, அவிழ்ந்திருந்ததா? பார்த்தேனே, இப்போதுதானே பார்த்தேன், ஊதாக் கயிறு, கட்டியிருந்ததா? நிறத்தைப் பார்த்தேன், முடிச்சைப் பார்க்கவில்லை. ஒன்றைப் பார்த்தால் இன்னொன்றைப் பார்க்காத கண். செல்வியிடம் என்ன சொல்வது? மணி வேண்டாம் என்று நீங்க ஏம்ப்பா சொன்னீங்க என்பாள். நான் சொல்லவில்லை, அம்மா. மாடு மாதிரி என்றுதான் சொன்னேன். இது நல்லாயிருக்கா சொல்வதற்கு? பயமாக இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருக்கிறது, கேட்கிற ஆள் மேலே இருக்கிறாள்.

மரவாசல் வந்துவிட்டது. நாலைந்து பேர் நிற்கிறார்கள், எல்லார் இடுப்பிலும் மணி, ஒருவர் கையில் ஓலைவெடி மாதிரி ஏதோ. என்னைக் கண்டதும் எல்லாரும் குனிகிறார்கள். இப்போதுமா குனிவார்கள்? தீயணைப்புக்காரர் ஷூ கிடந்த இடத்தைக் காட்டினார். இடது தூணுக்குப் பின்னால், வேர் ஓரமாக. நான் அந்த வேரைப் பார்க்கிறேன். வேரின் மறைவில், பாதையில் வருகிறவன் கண்ணுக்குப் படாத மாதிரி. விழுந்து கிடந்த இடம் இல்லை அது. யாரோ குனிந்து, பார்த்து, வைத்த இடம். எனக்கு உள்ளே என்னவோ திறந்தது. ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல் பாதையைக் குறுக்கே தாண்டி எதிர்ப்பக்கம் போனேன். அங்கே கல்விளக்கு ஒன்று, அதன் அடியில் உதிர்ந்த சிவப்பு இலைக் குவியல். முழங்கால் மடங்காது, ஒரு காலை நீட்டி உட்கார்ந்து இலைக்குள் கையை விட்டேன். சாம்பல் ஷூ. ஊதாக் கயிறு. உள்ளே சுருட்டி வைத்த காலுறை, இரண்டும் ஒன்றாக.

பின்னால் ஓ என்று ஒரு சத்தம் எழுந்தது, மந்திரவாதியைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார்கள். போனை நீட்டினார் கியோமி. நான் சொன்னேன், எங்கள் ஊரில் கோயிலுக்குச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் போவோம், ஜோடியாகப் போட்டால் எவனாவது மாட்டிக்கொண்டு போய்விடுவான், அதனால் ஒன்றை இங்கே போடுவோம், ஒன்றை அங்கே போடுவோம், ஒற்றைச் செருப்பை எவனும் திருடமாட்டான். போன் யோசித்துச் சொன்னது. அவர்களும் யோசித்தார்கள். திருடுகிற பழக்கமே அறியாத முகங்கள், ஒரு கிழவர் சுற்றுமுற்றும் பார்த்தார், எங்கே திருடன் என்று. கியோமிக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்திருக்கும். எனக்கோ சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. நான் சொல்லிக்கொடுத்தது இது! கல்யாணமான புதிதில் தேர்த்திருவிழாக் கூட்டத்தில் இவள் புதுச் செருப்பு போய்விட்டது, சுடுமணலில் துள்ளித் துள்ளி வந்தாள், அன்றைக்குப் பஸ்ஸில் வைத்துச் சொல்லிக்கொடுத்தேன், ஒண்ண கிழக்க போடு, ஒண்ண மேக்க போடு என்று. அதற்கப்புறம் நான் எந்தக் கோயிலுக்குப் போனேன்? இவள் மட்டும் விடாமல் செய்துகொண்டிருந்திருக்கிறாள், திருடனே இல்லாத ஊரில், கரடி திரிகிற மலையடியில். ஷூவைப் பார்த்து எனக்குத் தெரியவில்லை. வைத்த இடத்தைப் பார்த்துத் தெரிந்துவிட்டது. இது போதாதா? இதையும் ஒரு தெரிதலாகச் சேர்த்துக்கொள்ளக் கூடாதா?

ஆனாலும் மணி என் கையில்தான் இருக்கிறது. ஷூ இரண்டையும் கியோமியிடம் கொடுத்துவிட்டுப் படியேறினேன். போன் என்னவோ சொல்லித் தடுத்தது. தீயணைப்புக்காரர் ஒரு பக்கம் முன்னால் ஓடினார், இன்னொருவர் என் பின்னால். ஏறு, சுயம்புலிங்கம். இடது, வலது. முழங்காலுக்குள் யாரோ ஆணியை வைத்துத் திருகுகிறான். பாசிப்படி வழுக்குகிறது, இதில் வெறுங்காலோடு போயிருக்கிறாள், இந்தக் குளிரில், செல்வி வேண்டாம் என்று சொன்னபிறகும். யார் பேச்சைக் கேட்டிருக்கிறாள்? என் பேச்சைத்தான் கேட்டிருக்கிறாள், அதுதான் இப்போது வினை. இரண்டு கையையும் உதறி உதறி மணியடிக்கிறேன். கரடி அம்மா, ஒதுங்கிப் போய்விடு, உனக்கும் குட்டி இருக்கிறது, எனக்கும் ஒருத்தி இருக்கிறாள். வெள்ளையே வரட்டும். உடன்குடிக்கே போகட்டும். முருகா, இந்த ஊர்ச் சாமி, நீ யாரானாலும் சரி, அவள் உடன்குடியில் முழுசாக இருக்கட்டும், கால் கையோடு இருக்கட்டும், நான் தூத்துக்குடியில் காப்பி போட்டுக்கொள்கிறேன். இப்படி வேண்டிக்கொண்டேன். வேண்டினது நான்தான், மறுக்கவில்லை.

படி திரும்புகிற இடத்தில் மஞ்சளாக ஒன்று அசைந்தது. நீலம் இல்லை, சேலையும் இல்லை. கடுகு மஞ்சளில் ஒரு சுடிதார். புஷ்பம் சுடிதார் போட்டிருக்கிறாள்! எப்போதிருந்து? ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலில் படியைத் தடவித் தடவி இறங்கி வருகிறாள், பாதம் இரண்டும் சிவந்துபோய். தீயணைப்புக்காரர் அவளைத் தாண்டி மேலே ஓடுகிறார், நீலத்தைத் தேடிக்கொண்டு. அவள் ஒதுங்கி வழிவிட்டுக் குனிந்து வணக்கம் வேறு சொல்கிறாள்.

“என்னத்துக்கு இப்படி மணியடிச்சிக்கிட்டு வாறிய?” என்றாள். “பூசைக்கா?”

“கரடி நிக்கிட்டி மேல! குட்டியோட நிக்கி! உன்னத் தேடி ஊரே வந்து நிக்கி கீழ. செருப்பக் கழட்டாதன்னு புள்ள சொல்லி விட்டுச்சுல்லா? மணியயும் வச்சிட்டு வந்திருக்க, அறிவு வேண்டாம்?”

“நீங்கதானே மாடுன்னிய.”

“சொன்னா? சொன்னா வச்சிட்டு வந்துருவியா? நான் சொன்னதயெல்லாம் கேட்டுட்டுத்தான் இருக்கியா?”

“ஆமா” என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு மூச்சு வாங்கியது. படியில் உட்கார்ந்தேன். பின்னால் வந்தவர் வாக்கி டாக்கியில் என்னவோ சொல்ல, மேலே போனவர் திரும்பி வந்தார், இரண்டு பேரும் எங்களுக்கு இடம்விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று மரத்தைப் பார்த்தார்கள். புஷ்பம் என் பக்கத்தில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். கேட்கக் கூடாது என்று நினைத்தேன், இப்போது கேட்கக் கூடாது, கீழே போய், சூடாக ஏதாவது குடித்து.

“என்ன பூ?” என்றேன்.

“செவப்பு.”

அப்பாடா என்று ஒரு மூச்சு என்னைக் கேட்காமலே வெளியே போனது. சாமி நல்ல சாமி. கை தட்டினால் என்ன, உருவம் இல்லாவிட்டால் என்ன, விஷயம் தெரிந்த சாமி. நான் எழுந்திருக்கப் போனேன்.

“மூணு தடவயும் செவப்புதான்” என்றாள்.

“மூணு தடவயா? ஒரு தடவதானே பாக்கணும்?”

“மொதல்ல செவப்பு வந்துச்சு. சரியா கலைக்கலையோன்னு மடிச்சு மறுபடி போட்டேன். அப்பவும் செவப்பு. மூணாவதும் போட்டேன், அதுவும் அதான். அழுக வந்துட்டு பாத்துக்கிடுங்க. அங்கன உக்காந்து நல்லா அழுதேன். அப்பதான் எனக்கே தெரிஞ்சுது.”

“என்ன தெரிஞ்சுது?”

“சாமி உங்க கட்சி. நான் அங்க இல்ல.” கையில் இருந்த இரண்டு பொட்டலத்தையும் பார்த்தாள், கசங்கிப் போயிருந்தன. “நான் உடன்குடிக்கே போறேங்க.”

சாமி சொன்னதை மீறுவாயா என்று கேட்டிருக்கலாம். கேட்க வாய் வந்தது. ஜப்பான் சாமிக்கு உடன்குடி தெரியுமா என்று காலையில் நான் நினைத்ததும் சேர்ந்து வந்தது, அதனால் மூடிக்கொண்டேன். படியில் வேண்டிக்கொண்டது வேறு இருந்தது. முழுசாக இருக்கட்டும் என்றேன், முழுசாக இருக்கிறாள். இவ்வளவு சீக்கிரமா கணக்குத் தீர்ப்பார்கள்? எனக்கு அழுகை வந்தது. குளிர் என்று மூக்கைத் துடைத்துக்கொண்டேன். மணி ஒன்றை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கிப் பையில் கட்டிக்கொண்டாள். வழக்கம்போல நான் முன்னால் இறங்கப் போனேன், கால் இடறியது, அவள் “நில்லுங்க” என்று தாண்டி முன்னால் இறங்கினாள். அவள் முன்னால், நான் பின்னால், கிணிகிணியென்று.

கீழே கியோமி அம்மாள் ஷூ இரண்டையும் சேறு துடைத்து, பக்கம் பக்கமாக, நுனி ஊரைப் பார்த்திருக்கிற மாதிரி வைத்துவிட்டு நின்றார். போகிறவர் அப்படியே காலை விட்டு நடந்துவிட வசதியாக வைப்பது இவர்கள் வழக்கமாம். புஷ்பம் காலுறையை மாட்டி, காலை விட்டு, குனிந்து கயிறு கட்டினாள். இரட்டை முடிச்சு போடுகிறாள். வலது காலுக்கு முதலில், பிறகு இடதுக்கு. ஊர்க்காரர்கள் எல்லாரும் குனிந்தார்கள், நாங்களும் குனிந்தோம், தீயணைப்புக்காரர் போனை எடுக்காமலேயே சிரித்துவிட்டு லாரிப் பக்கம் போனார். கடுகு மஞ்சள் சுடிதார், பழுப்புத் துப்பட்டா, சாம்பல் ஷூ, ஊதாக் கயிறு, இரட்டை முடிச்சு. பின்னால் நடந்துகொண்டே எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டேன். இப்போது கேட்டால் தயங்காமல் சொல்லிவிடுவேன். இனி யார் என்னிடம் கேட்கப் போகிறார்கள்?